மிச்சிகன் ஏரிக்கரை லைட்ஹவுஸ் எடுக்க ஃபுஜி 70-300 லென்ஸ்: நாலு சீசனும் பாத்துட்டு எழுதுறேன்

இந்த லென்ஸ் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாங்கின வாரமே ரிவ்யூ எழுதலாம்னு உக்காந்தேன், அப்புறம் வேணாம்னு மூடி வச்சுட்டேன். ஏன்னா நான் இதை வாங்கினதே ஒரே ஒரு வேலைக்குத்தான், லேக் மிச்சிகன் கரைல இருக்குற லைட்ஹவுஸ்களை எடுக்க, அந்த ஏரி அக்டோபர்ல ஒரு மாதிரி இருக்கும் ஜனவரில வேற மாதிரி இருக்கும், ஒரு சாயங்காலம் நல்லா எடுத்துச்சுன்னு சொல்றதுல யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. இப்போ இலையுதிர் காலம், பனி, வசந்தம், கோடை எல்லாம் சுத்தி வந்தாச்சு, அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

லென்ஸ் ஃபுஜிஃபில்ம் எக்ஸ்எஃப் 70-300 எஃப் 4-5.6 (எஃப் நம்பர் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் கம்மியாகும்), 2021ல வந்தது. 580 கிராம், முன்னாடி 67 எம்எம் பில்டர் போடலாம், தூசி தண்ணி உள்ள போகாம சீல் பண்ணது, மைனஸ் 10 டிகிரி வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது. ஃபுல் பிரேம் (பெரிய சென்சார் கேமரா) கணக்குல 107ல இருந்து 457 வரைக்கும் வரும். புதுசா வந்தப்போ 799 டாலர், நான் செகண்ட் ஹேண்ட்ல கம்மியா வாங்கினேன். கேமரா பாடி ஃபுஜி எக்ஸ்-டி 4. நான் இருக்குறது மிச்சிகன் மாநிலத்துல கிராண்ட் ராபிட்ஸ், ஏரிக்கரை முக்கால் மணி நேர டிரைவ்.

ஊர்ல இருந்து வர்றவங்ககிட்ட ஏரின்னு சொன்னா அவங்க மனசுல வீராணம், செம்பரம்பாக்கம் மாதிரி ஒண்ணுதான் வரும். இது அந்த சைஸ் கிடையாது. லேக் மிச்சிகன் நீளம் 494 கிலோமீட்டர், அகலம் 190 கிலோமீட்டர் வரைக்கும் போகுது, பரப்பளவு 58,000 சதுர கிலோமீட்டர், இலங்கையை விட கொஞ்சம்தான் சின்னது. கரைல நின்னா எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், புயல் வரும், கப்பல் மூழ்கியிருக்கு. அதான் இத்தனை லைட்ஹவுஸ். அமெரிக்காலயே அதிக லைட்ஹவுஸ் இருக்குற மாநிலம் மிச்சிகன்தான். உப்புத் தண்ணி இல்லைங்கிறது மட்டும் நமக்கு லாபம், மெரினால ரெண்டு மணி நேரம் கேமராவை வெளிய வச்சா கண்ணாடி மேல பிசுபிசுன்னு ஒரு படலம் வருமே, அது இங்க வராது.

முதல்ல நான் பண்ணிட்டு இருந்தது என்னன்னு சொல்லணும், ஏன்னா இந்த லென்ஸ் ஏன் வேணும்கிறது அதுல இருக்கு. மூணு வருஷமா என்கிட்ட இருந்தது ஒரு வைட் ஆங்கிள். லேண்ட்ஸ்கேப்னா வைட்தான்னு எல்லாரும் சொல்ல கேட்டு வாங்கினது. வைட்ல லைட்ஹவுஸ் எடுத்தா அது ஒரு தீப்பெட்டி சைஸ்ல வரும், பெருசா வேணும்னா கிட்ட போகணும், கிட்ட போனா கட்டடம் பெருசாகுது, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்குற அலை, மேகம், சூரியன் எல்லாம் சுருங்கிப் போகுது. புயல் நாள்ல ரெண்டு ஆள் உயர அலை வந்து மோதுறதை கண்ணால பாக்குறேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்தா ஏதோ குளத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கும். ரொம்ப நாள் எனக்கு எடுக்கத் தெரியலைன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

மஸ்கீகன் பக்கம் நம்ம திருநெல்வேலிக்காரர் ஒரு அண்ணன் இருக்காரு, பல வருஷமா இந்தக் கரையையே எடுத்துட்டு இருக்காரு. அவர்கிட்ட படத்தைக் காட்டினப்போ ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாரு. "தம்பி, நீங்க லென்ஸை மாத்துறதுக்கு முன்னாடி நிக்கிற எடத்த மாத்துங்க, அரை மைல் பின்னாடி போய் நில்லுங்க, அப்புறம் அங்கேருந்து எந்த லென்ஸ் வேணும்னு நீங்களே சொல்லுவீங்க." அப்படித்தான் இதை வாங்கினேன்.

அவர் சொன்னதுக்குக் கணக்கு இருக்கு. சூரியன் வானத்துல கிட்டத்தட்ட அரை டிகிரிதான் இருக்கும், நீங்க எங்க நின்னாலும் அது மாறாது. கட்டடம் மட்டும்தான் தூரம் போகப் போக சின்னதாகும். அதனால ஒரு கட்டடம் சூரியன் சைஸுக்கு வரணும்னா அதோட உயரத்தைப் போல சுமார் 108 மடங்கு தூரத்துல நிக்கணும். 10 மீட்டர் லைட்ஹவுஸ்னா ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்த தூரத்துல இருந்து 300 எம்எம்ல எடுத்தா ரெண்டும் பிரேம் உயரத்துல ஆறுல ஒரு பங்கு வரும். பாதி தூரம் முன்னாடி வந்தா லைட்ஹவுஸ் ரெண்டு மடங்கு ஆகும், சூரியன் அப்படியே இருக்கும். எது பெருசா தெரியணும், எது சின்னதா தெரியணும்னு நம்ம காலை வச்சு முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் ஜூம் ரிங்கைத் திருப்பணும். அலைக்கும் இதே கதைதான், தூரத்துல இருந்து எடுத்தாதான் அலை அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்துல அதோட உண்மையான சைஸ்ல நிக்கும். 70ல இருந்து 300 வரைக்கும் இருக்குறதால கரைல எந்த இடத்துல நின்னாலும் ஏதாவது ஒரு பிரேம் கெடைக்குது, இந்த லென்ஸ்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

சரி, சீசனுக்கு வரேன். வாங்கினது அக்டோபர். முதல் டிரிப் லடிங்டன் ஸ்டேட் பார்க். அங்க பிக் சேபிள் லைட்ஹவுஸ் இருக்கு, 1867ல கட்டினது, 112 அடி, கருப்பு வெள்ளை பட்டை போட்டது. உள்ள செங்கல்தான், காத்துலயும் மணல்லயும் அரிச்சுப் போச்சுன்னு 1900ல சுத்தி இரும்புத் தகடு போட்டு மூடிட்டாங்க. அதுக்கு கார் போகாது, பார்க்ல இருந்து மணல் பாதைல கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நடக்கணும், திரும்பி வர இன்னொரு 3. இங்கதான் 580 கிராம்ங்கிறது புரியுது. இதே கம்பெனியோட 100-400 லென்ஸ் 1375 கிராம், ரெண்டு மடங்குக்கும் மேல, அதைத் தூக்கிட்டு மணல்ல நடந்தா லைட்ஹவுஸ் போய்ச் சேரும்போது படம் எடுக்குற ஆசையே பாதி போயிடும். இதைத் தோள்ல போட்டுட்டு நடந்தது தெரியவே இல்ல.

ஆனா இலை நிறம் மாறுறதை எடுக்கணும்னா பிக் சேபிள் சரிப்படாது, அது மணல் மேட்டு நடுவுல நிக்குது, சுத்தி புல்லும் பைன் மரமும்தான். அதே பார்க்குக்குள்ள இன்னொரு பக்கம் ஹாம்லின் ஏரி, அதை ஒட்டி லாஸ்ட் லேக்னு ஒரு சின்ன ஏரி இருக்கு, அங்க போங்க. அக்டோபர் நடுவுல காலைல ஏழரை மணிக்கு தண்ணி இன்னும் சூடு ஆறாம இருக்கும், மேல காத்து சில்லுன்னு இருக்கும், அதனால தண்ணி மேல ஆவி மாதிரி பனிமூட்டம் எழும்பி நிக்கும். மொத்தக் கரையையும் எடுத்தா ஒரே கலர் குழம்பா இருக்கும், இந்த லென்ஸ்ல 200க்கு மேல போய் ஒரே ஒரு சிவப்பு மேப்பிள், அதோட நிழல், பின்னாடி புகை மாதிரி பைன், அவ்வளவு மட்டும் எடுத்தேன். மழை பெஞ்ச மறுநாள் போனா ஈரமான இலை எல்லாம் பளபளன்னு வெள்ளை அடிக்கும், ஒரு போலரைசர் போட்டு திருப்பினா அந்தப் பளபளப்பு போய் உள்ள இருக்குற நிறம் வெளிய வரும். வைட் லென்ஸ்ல போலரைசர் போட்டா வானம் ஒரு பக்கம் கருநீலமும் இன்னொரு பக்கம் வெளிறியும் வரும், டெலில (தூரத்துல இருக்குறதைக் கிட்ட காட்டுற இந்த மாதிரி லென்ஸ்) வானத்தோட ஒரு சின்னத் துண்டுதான் வர்றதால அந்தத் தொல்லை இல்ல.

நவம்பர் வந்தா இந்த ஏரிக்கு கோபம் வரும். ஏரி இன்னும் வெதுவெதுப்பா இருக்கும்போது வடக்குல இருந்து குளிர் காத்து இறங்கும், அப்போ அடிக்கிற காத்துதான் இங்க எல்லாரும் சொல்ற நவம்பர் புயல். அந்த மாசம் நான் கிராண்ட் ஹேவன்லதான் கிடந்தேன். அங்க தெற்குப் பக்கப் பியர்ல, அதாவது கரைல இருந்து ஏரிக்குள்ள நீட்டிக் கட்டின மேடைல, ரெண்டு லைட் இருக்கு, ரெண்டுமே சிவப்பு, உள்ள இருக்குறது 51 அடி உருண்டைக் கோபுரம், நுனில இருக்குறது 36 அடி வீடு மாதிரி கட்டடம். ரெண்டையும் சேர்த்து கரைல இருந்து மேலயே ஒரு நடைபாலம் ஓடுது, புயல் நாள்ல பியர் மேல அலை புரண்டு ஓடும்போது லைட்டைப் பாத்துக்குற ஆள் நனையாம போய் வர கட்டினது. இப்போ அந்தப் பாலத்துக்கு வேலை இல்ல, ஆனா படத்துல அதுதான் உயிர். பியர் மேலயே நின்னு எடுத்தா ரெண்டு லைட்டும் எங்கேயோ தள்ளித் தள்ளி நிக்கும். பின்னாடி கால்வாய் ஓரமா போய் 250ல வச்சுப் பாத்தா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும், நடுவுல நடைபாலத்தோட கால்கள் வரிசையா அடுக்கி வச்ச மாதிரி வரும், நுனிக்குப் பின்னாடி அலை எழும்பி வெள்ளையா விரியும்போது முதல் தடவையா நான் கண்ணால பாத்த அந்த சைஸ் படத்துல வந்துச்சு. அன்னிக்கு கார்ல வந்து உக்காந்து கேமரா ஸ்கிரீன்லயே ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன்.

அந்தக் காத்துல டிரைபாட் வேலைக்கு ஆகாது. இந்த லென்ஸுக்கு டிரைபாட் காலர் (லென்ஸையே டிரைபாட்ல மாட்டுற வளையம்) கிடையாது, பாடியைத்தான் மாட்டணும், லென்ஸ் லேசா இருக்குறதால சாதாரண நாள்ல அது ஒரு பிரச்சனையே இல்ல, ஆனா கடுங்காத்துல முன்னாடி நீட்டிட்டு இருக்குற குழாயைக் காத்து பிடிச்சு ஆட்டும். டிரைபாட்ல பையைத் தொங்க விடுங்கன்னு சொல்லுவாங்க, பை ஊஞ்சல் ஆடும், அதோட சேர்ந்து கேமராவும் ஆடும், தொங்க விடுறதா இருந்தா பை பாதி தரைல படுற மாதிரி விடுங்க. நான் கையிலயே பிடிச்சு எடுத்தேன், 1/1000க்கு மேல, ஐஎஸ்ஓ 800, 1600னு எது வந்தாலும் சரின்னு. லென்ஸ்ல இருக்குற ஸ்டெபிலைசர் அஞ்சரை ஸ்டாப்னு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) ஃபுஜி சொல்லுது, அது சாயங்காலம் வெளிச்சம் குறையும்போது நல்லாத் தெரியுது, ஆனா அது நம்ம கை ஆடுறதைத்தான் பிடிக்கும், அலை ஓடுறதை நிறுத்தாது, அலையோட நுனில தெறிக்கிற துளி கூர்மையா வேணும்னா ஷட்டர் ஸ்பீடுதான்.

இப்போ பனிக்காலம். இந்த ரிவ்யூ எழுதணும்னு தோணினதே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஜனவரி பிப்ரவரில செயின்ட் ஜோசப் வடக்குப் பியர் லைட்டுகளைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அலை தெறிச்சு கட்டடத்து மேல விழும், விழுந்த இடத்துலயே உறையும், மறுபடி தெறிக்கும், மறுபடி உறையும், ஒரு வாரத்துல கதவு, கைப்பிடி, ஜன்னல் எல்லாம் காணாமப் போய் மெழுகுவர்த்தி உருகின மாதிரி ஒரு வெள்ளை உருவம் நிக்கும். 1995ல அமெரிக்க தபால் துறை கிரேட் லேக்ஸ் லைட்ஹவுஸ்னு அஞ்சு ஸ்டாம்ப் போட்டாங்க, அதுல ஒண்ணு இந்த செயின்ட் ஜோசப். உலகம் பூரா இருந்து இந்த ஐஸைப் பாக்க வர்றாங்க, எல்லாருக்கும் கிட்டப் போய் எடுக்கணும்.

அங்கதான் ஆபத்து. கரைல இருந்து ஏரிக்குள்ள நீண்டிருக்குற ஐஸ் மேடு இருக்கே, ஷெல்ஃப் ஐஸ்னு சொல்லுவாங்க, அது பாக்க தரை மாதிரியே இருக்கும். அது அலையும் தெறிப்பும் குவிஞ்சு உண்டானது, உள்ள ஒரே மாதிரி கெட்டியா இருக்காது, பொந்தும் இடுக்கும் இருக்கும், மேல பனி மூடிட்டா எங்க தரை முடியுது எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. உள்ள விழுந்தா கீழ உறையப் போற தண்ணி, ஏறி வர பிடிமானம் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி வைட் லென்ஸை வச்சுட்டு இன்னும் பத்தடி, இன்னும் பத்தடின்னு நான் அது மேல நடந்து போனேன், ஒரு இடத்துல வலது கால் முழங்கால் வரைக்கும் சரக்குன்னு உள்ள போச்சு. கையை விரிச்சு அப்படியே படுத்து உருண்டு வெளிய வந்தேன். கால் நனையலை, ஓட்டை மட்டும்தான், ஆனா அந்த ஓட்டைக்குள்ள தண்ணி சளப் சளப்னு அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. வீட்ல இன்னிக்கு வரைக்கும் இதைச் சொல்லலை. அந்த சத்தம் எனக்கு ராத்திரி படுத்தா வரும்.

அதனால சொல்றேன், இந்த ஏரிக்கரைல பனிக்காலத்துல டெலி லென்ஸ்ங்கிறது சொகுசு சாமான் இல்ல. கெட்டியான மணல்ல, பார்க்கிங்ல இருந்து இருபது அடி தள்ளி நின்னுட்டு, ஐஸ் மூடின லைட்ஹவுஸோட கைப்பிடில தொங்குற ஒவ்வொரு ஐஸ் ஊசியும் எண்ணுற அளவுக்கு 300ல வருது. பியர் மேல ஏறவே வேணாம். குளிர்காலத்துல பியர் முழுக்க கண்ணாடி மாதிரி வழுக்கும், ஒரு அலை வந்தா ஆளையே அடிச்சுட்டுப் போயிடும். நல்ல படம் எடுக்கணும்னு கிட்டப் போகணும்ங்கிற எண்ணத்தை முதல்ல விடுங்க, தயவுசெஞ்சு.

குளிர்ல லென்ஸ் எப்படி வேலை செஞ்சுதுன்னா, நான் போன நாள்கள்ல மைனஸ் 8 வரைக்கும் போச்சு, ஜூம் ரிங் கொஞ்சம் இறுக்கமாச்சு, போகஸ் எப்பவும் போலத்தான். பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும், ரெண்டாவதை சட்டை உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வச்சுக்கணும். பனி மேல மீட்டரை நம்பாதீங்க, வெள்ளையை சாம்பலாக்கிடும், ஒரு ஸ்டாப் பிளஸ்ல வச்சுட்டு ஹிஸ்டோகிராம் (படத்தோட வெளிச்சத்தைக் காட்டுற வரைபடம்) பாருங்க. திரும்ப கார்ல ஏறும்போது கேமராவை வெளியவே ஒரு ஜிப்லாக் பைக்குள்ள போட்டு இறுக்கி மூடிட்டு உள்ள கொண்டு வாங்க, இல்லைன்னா சூட்டுக் காத்து பட்டதும் கண்ணாடி முழுக்க வேர்த்துடும், வீட்டுக்கு வந்தும் பையை உடனே திறக்காதீங்க.

ஒரு விஷயம் எனக்கு மூணு மாசம் புரியாம இருந்துச்சு. சில நாள் 300ல எடுத்த படம் எல்லாமே மொத்தமா மசமசன்னு வந்துச்சு, போகஸ் சரியாத்தான் இருக்கு, ஸ்பீடும் இருக்கு, லென்ஸ்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சு திருப்பிக் கொடுக்கக் கூட யோசிச்சேன். காரணம் காத்து. கார் ஹீட்டரைப் போட்டுட்டு ஜன்னலை இறக்கி எடுத்தா உள்ள இருக்குற சூட்டுக் காத்து வெளிய வழியுது, வெளிய குளிர் காத்து, ரெண்டும் சேர்ற இடம் லென்ஸுக்கு நேர் முன்னாடி, அடுப்பு மேல பாக்குற மாதிரி எல்லாம் நெளியும். சூடான காருக்குள்ள இருந்து லென்ஸை எடுத்து உடனே படம் எடுத்தாலும் அதே கதை, ஹூடுக்குள்ளயே காத்து நெளியும், அரை மணி நேரம் வெளிய ஆற விடுங்க. அது போக ஏரித் தண்ணி பூஜ்யத்துக்கு மேல, காத்து மைனஸ் 10னா தண்ணி மேல உள்ள காத்தே நெளியும், அன்னிக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்குறதை எந்த விலை லென்ஸ் வச்சாலும் கூர்மையா எடுக்க முடியாது. இன்டர்நெட்ல இந்த லென்ஸ் 300ல சாஃப்ட்னு எழுதுறவங்க எத்தனை பேர் இதைக் கவனிச்சாங்கன்னு எனக்கு சந்தேகம். கிட்ட இருக்குற ஒரு மரப்பட்டையை ஒருநாள் எடுத்துப் பாருங்க, லென்ஸ் என்னன்னு அப்போ தெரியும். எனக்கு மூலை வரைக்கும் சுத்தமா இருக்கு, 300ல எஃப் 5.6ல நடுவுல நல்லா இருக்கு, எஃப் 8ல இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கு.

பில்டர் பத்தி ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். மலிவா கெடச்சுதுன்னு வெளிச்சத்தைக் குறைக்கிற ஒரு என்டி பில்டர் வாங்கி மாட்டினேன், குளிர்ல அந்த வளையம் அப்படியே லென்ஸோட இறுகிப் போச்சு, கழட்டவே வரலை, அன்னிக்கு முழுக்க அதோடயேதான் எடுத்தேன், எல்லாப் படத்துலயும் ஒரு பச்சை கலந்த நிறம். வீட்டுக்கு வந்து லென்ஸ் சூட்டுக்குப் பழகினப்புறம் ஒரு அகல ரப்பர் பேண்டைச் சுத்திப் பிடிச்சு மெதுவாத் திருப்பினா வந்துடுச்சு. பித்தளை வளையம் போட்ட பில்டர் வாங்குங்க, அலுமினியம் அளவுக்கு இறுகாது.

ஏப்ரல் மே பத்தி அதிகம் சொல்றதுக்கு இல்ல, மூடுபனிதான். தெற்குல இருந்து வெதுவெதுப்பான ஈரக்காத்து வரும், ஏரி இன்னும் ஐஸ் தண்ணியா இருக்கும், தொட்ட உடனே மூடுபனி. ஹாலந்துல பிக் ரெட்னு ஒரு லைட்ஹவுஸ், ஒரு மே மாசக் காலைல மொத்தமா மறைஞ்சு, அரை நிமிஷம் சிவப்பா ஒரு முக்கோணம் மட்டும் தெரிஞ்சு மறுபடி மறைஞ்சுது. ஆட்டோபோகஸ் மூடுபனில தேடித் தேடி அலையும், மேனுவல்ல வச்சு ரெடியா நில்லுங்க.

அந்த பிக் ரெட் எதுக்கு சிவப்பா இருக்குன்னு கேட்டா, ஏரில இருந்து துறைமுகத்துக்குள்ள வர்ற கப்பலுக்கு வலது கைப் பக்கம் இருக்குற அடையாளம் சிவப்பா இருக்கணும்னு விதி, 1907ல கட்டினதுக்கு 1956லதான் சிவப்பு அடிச்சாங்க. கிராண்ட் ஹேவனும் தெற்குப் பக்கம், அதுவும் சிவப்பு. பனி, சாம்பல் வானம், நடுவுல இந்தச் சிவப்பு, போட்டோ எடுக்குறவனுக்குக் கெடச்ச வரம் அது. ஹாலந்துல நாம நிக்கிறது கால்வாய்க்கு வடக்குப் பக்கம் ஸ்டேட் பார்க்ல, லைட்ஹவுஸ் இருக்குற பக்கம் போக தனியார் குடியிருப்பு வழியா போகணும், அதனால முக்காவாசிப் பேர் எடுக்குறது இந்தக் கரைல இருந்துதான். அப்போ நாம பாக்குறது அதோட வடக்கு முகம். இதை யோசிச்சுப் பாருங்க, மார்ச் கடைசில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும்தான் சூரியன் மேற்குக்கு வடக்கால மறையும், அந்த ஆறு மாசம்தான் அந்த முகத்துல மாலை வெயில் விழும். ஜூன்ல ஒன்பதரை மணிக்கு சூரியன் மறையுற நேரத்துல அந்தச் சிவப்பு நெருப்பு மாதிரி எரியும். டிசம்பர்ல அஞ்சேகால் வாக்குல மறைஞ்சுடும், சூரியன் அந்தப் பக்கமா இருக்கும், இந்தப் பக்கம் நிழல்தான், அப்போ நிழலுருவமா எடுக்கணும், இல்லைன்னா மேகம் மூடின நாள்ல போகணும்.

வருஷம் பூரா சூரியன் மறையுற இடம் இங்க கிட்டத்தட்ட 65 டிகிரி நகருது. கிராண்ட் ஹேவன்ல தெற்கு பீச்ல நின்னா லைட்ஹவுஸ் வடமேற்கா இருக்கும், ஜூன்ல சூரியனை அதுக்குப் பின்னாடி கொண்டு வரலாம். டிசம்பர்ல அதே படம் வேணும்னா கால்வாய்க்கு வடக்குப் பக்கம் போய் தென்மேற்கா பாக்கணும், கார்ல சுத்திப் போக வேண்டியிருக்கும். சூரியன் எங்க மறையும்னு மேப்ல காட்டுற போட்டோபில்ஸ் மாதிரி ஆப் வச்சு முன்னாடியே கோடு போட்டுப் பாத்துட்டுப் போங்க, மார்ச், செப்டம்பர் பக்கம்னா அஞ்சு நாள் தள்ளிப் போனாலே நிக்க வேண்டிய இடம் மாறிடும். சூரியனை டெலில நேராப் பாக்குறது நல்லா கீழ இறங்கி மங்கினப்புறம் மட்டும்தான், அதுக்கு முன்னாடி லென்ஸ் மூடியைக் கழட்டாதீங்க, சென்சார் போயிடும், வியூஃபைண்டர் கண்ணாடியா இருக்குற பழைய கேமரான்னா கண்ணு போயிடும்.

கோடைல எனக்கு இந்தக் கரை கொஞ்சம் ஆர்வம் குறைவு, கூட்டம். பகல்ல மணல் சூட்டுல காத்து நெளியும், காலும் கையும் கடிக்கிற ஈ வேற, லைட்ஹவுஸ் பக்கம் காத்து நிலத்துல இருந்து அடிக்கிற நாள்ல ஒரு நிமிஷம் நிக்க விடாது. ஆனா லடிங்டன்ல எஸ்எஸ் பேட்ஜர்னு நிலக்கரில ஓடுற பெரிய ஃபெர்ரி இருக்கு, 1953ல இருந்து ஓடுது, 410 அடி நீளம், உள்ள கார் ஏத்திட்டு ஏரியைக் கடந்து விஸ்கான்சின் போய் வரும். சாயங்காலம் அது திரும்பி வரும்போது பிரேக்வாட்டர் (அலைத் தடுப்புச் சுவர்) லைட்ஹவுஸைத் தாண்டித்தான் உள்ள வரணும், பின்னால தள்ளி கரைல நின்னு டெலில பாத்தா கப்பல் லைட்ஹவுஸ் மேலயே ஏறி வர்ற மாதிரி இருக்கும். வெக்கேஷனுக்கு குடும்பத்தோட வர்றவங்க இந்த ஒண்ணை விடாதீங்க, குழந்தைங்க கத்திக் குதிக்கும்.

மணல் பத்தி சொல்லணும். இந்த லென்ஸ் ஜூம் பண்ணா குழாய் வெளிய நீளும். சீல் இருக்கு, தண்ணித் தெறிப்புக்கு பயப்படலை, ஆனா நீட்டின குழாய் மேல மணல் ஒட்டியிருக்கும்போது அப்படியே உள்ள இழுக்காதீங்க, புளோயர் வச்சு ஊதி, மெத்துன்னு ஒரு பிரஷ்ல தட்டிட்டு அப்புறம் 70க்கு கொண்டு வந்து லாக் பட்டனைப் போடுங்க. ஒரு வருஷம் மணல்லயே திரிஞ்சும் ரிங் இன்னும் வெண்ணெய் மாதிரிதான் ஓடுது. குளோஸப்பும் நல்லா வருது, 83 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போகலாம், பியர் கம்பில உறைஞ்ச ஐஸ், ஈர மணல்ல இலை, இதுக்கெல்லாம் இன்னொரு லென்ஸ் மாத்த வேண்டியதில்ல, காத்துல லென்ஸ் மாத்தினா உள்ள மணல் போறது உறுதி.

யாருக்கு இது வேணாம்னா, சூரியன் மறைஞ்சு நீல வெளிச்சத்துல கையில பிடிச்சு எடுக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு 300ல எஃப் 5.6 பத்தாது, டிரைபாட் தூக்கியே ஆகணும். நட்சத்திரம், பால்வெளி எடுக்குறவங்களுக்கும் இது இல்ல, லிட்டில் சேபிள் மாதிரி 107 அடி செங்கல் கோபுரத்துக்குப் பின்னாடி நட்சத்திரம் எடுக்க அந்த வைட்தான் வேணும், அதனாலதான் அதை நான் இன்னும் விக்கலை. நிலா எழும்புறதைப் பெருசா எடுக்கணும்னா லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டுற 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டு 420 வரைக்கும் போகலாம், எஃப் 8 ஆயிடும், நான் கடன் வாங்கிப் போட்டுப் பாத்தேன், தெளிவா இருக்கும் நாள்ல குறை சொல்ற மாதிரி இல்ல. காசு கம்மியா இருந்தா பாடியைப் பழசாவே வச்சுக்கிட்டு இந்த லென்ஸை செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க.

எனக்கு இப்போ ஒரு படம் பாக்கி இருக்கு. இன்னொரு பெரிய ஏரியான லேக் சுப்பீரியர்ல மினசோட்டா மாநிலத்துப் பக்கம் ஸ்பிளிட் ராக் லைட்ஹவுஸ், 130 அடி பாறை உச்சில 1910ல கட்டினது, 1905 நவம்பர் புயல்ல கப்பல்கள் நாசமானதால கட்டினாங்க, 1969ல அணைச்சுட்டாங்க. 1975 நவம்பர் 10ல எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் அந்த ஏரில 29 பேரோட மூழ்கிச்சு, ஒருத்தர் கூட மிஞ்சலை. அதனால வருஷா வருஷம் நவம்பர் 10 சாயங்காலம் அந்த 29 பேரோட பேரையும் படிச்சுட்டு விளக்கை ஏத்துறாங்க. வெளிச்சம் போயிட்டு இருக்கும், கீழ கூழாங்கல் கரைல நின்னு மேல பாக்கணும், 100ல இருந்து 150க்குள்ள வரும்னு மேப்ல அளந்து வச்சிருக்கேன், டிரைபாட் காலைக் கல்லு இடுக்குல ஊனணும், காத்து இல்லாம இருக்கணும். ஆபீஸ்ல மூணு நாள் லீவு சொல்லியாச்சு. திருநெல்வேலி அண்ணனும் வரேன்னு சொல்லியிருக்காரு.